சீலர் அடிச்சாச்சுன்னா லாக்கர் எதுக்கு? உப்புக் காற்றில் கதவு உப்புவது ஏன்? முழு விளக்கம்

வடகிழக்குப் பருவமழை தொடங்கி இரண்டு வாரம் ஆனால் போதும். வானூர் வட்டாரத்தில், குறிப்பாக கோட்டக்குப்பம், பொம்மையார்பாளையம் தொடங்கி மரக்காணம் வரையிலான கடற்கரை ஊர்களில், பல வீடுகளின் கதவு சாத்த வராது. தோளால் இடித்துத்தான் மூட வேண்டியிருக்கும். சில வீடுகளில் கதவு ஒழுங்காக மூடும். ஆனால் போன வருஷம் பளபளவென்று இருந்த பாலிஷ் மேல் பால் தெளித்த மாதிரி ஒரு வெள்ளைப் படலம் நிற்கும்.

பாலிஷ் போட்டவரைக் கூப்பிட்டுக் கேட்டால், "சீலர் ரெண்டு கோட் அடிச்சிருக்கே சார்" என்பார். வீட்டுக்காரரோ, "லாக்கர்னு சொல்லித்தானே காசு வாங்கினீங்க?" என்பார். சண்டை ஆரம்பிப்பது பெரும்பாலும் இந்த இடத்தில்தான். இரண்டு பேரும் ஒரே பொருளைப் பற்றிப் பேசுவதாக நினைத்துக்கொள்கிறார்கள். உண்மையில் சீலர் ஒரு பொருள், லாக்கர் வேறு பொருள். ஒன்றின் வேலையை மற்றொன்று செய்யாது.

ஒரு தலைவாசல் கதவுக்கான மரமும் தச்சுக் கூலியும் இன்று சின்ன செலவு இல்லை. அதற்கு மேலே பூசுவது என்ன என்று தெரிந்துகொள்வது நல்லது.

சீலர் என்ன செய்யும்?

மரம் பார்க்கத்தான் கெட்டியானது. உள்ளே முழுக்க நுண்ணிய குழாய்கள். மரம் உயிரோடு இருந்தபோது வேரிலிருந்து இலைக்குத் தண்ணீர் ஏற்றிய குழாய்கள் அவை. அறுத்து, இழைத்து, கதவாக்கிய பிறகும் அந்தக் குழாய்கள் அப்படியேதான் இருக்கின்றன. காற்றில் ஈரம் கூடினால் மரம் உறிஞ்சும், குறைந்தால் திரும்ப விடும். உறிஞ்சும்போது பலகை அகலவாக்கில் பெருக்கும். நீளவாக்கில் மாற்றம் மிகக் குறைவு. மழைக்காலத்தில் கதவு பெரும்பாலும் பக்கவாட்டில் நிலையோடு உரசுவதற்குக் காரணம் இதுதான்.

இந்தத் துளைகளின் வாயை அடைப்பதுதான் சீலரின் வேலை. முதல் கோட் அடித்ததும் மரம் குடித்துவிடும். பாதி இடம் மினுக்கும், பாதி இடம் வறண்டு கிடக்கும். இரண்டாவது கோட்டில்தான் மேற்பரப்பு ஒரே சீராக வரும். இதற்குப் பிறகு என்ன பூசினாலும் அது மரத்துக்குள் இறங்காமல் மேலேயே நிற்கும்.

நம்ம ஊர் பெயிண்ட் கடைகளில் மர வேலைக்கு 'சீலர்' என்று கேட்டால் பெரும்பாலும் கிடைப்பது 'சாண்டிங் சீலர்'. பெயரிலேயே விஷயம் இருக்கிறது. இது உப்புத்தாள் போட்டுத் தேய்ப்பதற்கென்றே தயாரான பூச்சு. இதில் துத்தநாக ஸ்டியரேட் என்ற மென்மையான பொருளைக் கலந்திருப்பார்கள். அதனால் தேய்க்கும்போது பிசின் மாதிரி தாளில் ஒட்டாமல், வெள்ளை மாவாக உதிரும். கையால் தடவினால் கண்ணாடி மாதிரி வழவழப்பாக இருக்கும்.

சிக்கலே இந்த வழவழப்பில்தான். பார்க்கிறவருக்கு வேலை முடிந்துவிட்டது போலத் தெரியும். ஆனால் தேய்த்தால் எளிதாக உதிர வேண்டும் என்பதற்காகவே மென்மையாகச் செய்த பூச்சு அது. கை படும் இடத்தில், துணி போட்டுத் துடைக்கும் இடத்தில், காபி டம்ளர் வைக்கும் இடத்தில் நாளடைவில் அது தேய்ந்துதான் போகும். தண்ணீர் நின்றால் வெளுக்கும். சீலரோடு நிறுத்திய கதவு, உள்சட்டை மட்டும் போட்டுக்கொண்டு மழையில் நிற்பது போலத்தான்.

துளையை அடைப்பது என்றால் என்ன என்று நேரில் பார்க்க ஆசைப்படுகிறவர்கள் திருவக்கரை வரை போய் வரலாம். வானூர் வட்டத்திலேயே இருக்கிறது அந்த தேசியக் கல்மரப் பூங்கா. இந்தியப் புவியியல் ஆய்வுத் துறையின் பராமரிப்பில் உள்ள இடம். அங்கே கிடக்கும் மரங்கள் சுமார் 2 கோடி ஆண்டுகள் பழமையானவை. மண்ணில் புதைந்த மரத்தின் ஒவ்வொரு நுண்குழாய்க்குள்ளும் தண்ணீரில் கரைந்த சிலிக்கா இறங்கி, படிந்து, கடைசியில் மரமே கல்லாகிவிட்டது. ஆண்டு வளையம், கணு எல்லாம் இன்னும் தெரியும். ஆனால் ஒரு சொட்டுத் தண்ணீர் குடிக்க அதில் இடமில்லை. இயற்கை அடித்த சீலர் என்று வேடிக்கையாகச் சொல்லலாம். கடையில் வாங்கும் டின் அந்த அளவுக்கு உள்ளே போகாது, மேல்தோலோடு நின்றுவிடும்.

லாக்கர் எங்கிருந்து வந்தது?

பட்டுப்புடவைக் கடையில் 'அரக்கு கலர்' என்று கேட்டு வாங்குகிறோமே, அந்த அரக்குதான் லாக்கர் என்ற சொல்லுக்கு மூலம். குசும், புரசு போன்ற மரங்களின் கிளையில் கூட்டமாக ஒட்டி வாழும் ஒரு சின்னப் பூச்சி, தன்னைப் பாதுகாத்துக்கொள்ள ஒரு பிசினைச் சுரக்கிறது. அதைச் சுரண்டி எடுத்து, உருக்கி, வடிகட்டினால் அரக்கு. வடமொழியில் லாக்ஷா, இந்தியில் லாக். அங்கிருந்து ஐரோப்பிய மொழிகளுக்குப் போய், லாக்கராகத் திரும்பி வந்தது. மகாபாரதத்து அரக்கு மாளிகை, சார்பதிவாளர் அலுவலக அரக்கு முத்திரை, உள்ளீடற்ற தங்க நகைக்குள் நிரப்பும் அரக்கு எல்லாம் ஒரே வம்சம்தான். இந்தப் பிசினை ஆராய்வதற்கென்றே 1924-ல் ராஞ்சி அருகே நாம்குமில் ஓர் ஆராய்ச்சி நிலையம் தொடங்கப்பட்டது. இன்று வேறு பெயரில் இந்திய வேளாண் ஆராய்ச்சிக் கவுன்சிலின் கீழ் இயங்குகிறது.

கர்நாடகத்தின் சென்னபட்டணா பொம்மைகளிலும் நம்ம அம்பாசமுத்திரம் சொப்புச் சாமான்களிலும் தெரிவது இந்த அரக்குப் பளபளப்புதான். சென்னபட்டணாவில் கடைசல் எந்திரத்தில் சுழலும் மரத்தின் மேல் வண்ணம் கலந்த அரக்குக் குச்சியை அழுத்திப் பிடிப்பார்கள். உராய்வுச் சூட்டில் அரக்கு உருகி மரத்தில் ஏறும். பிறகு தாழை மடலை வைத்து அழுத்தினால் மினுமினுக்கும். தனியாகச் சீலர் எதுவும் வேண்டாம். உருகிய அரக்கே துளையையும் அடைத்து, மேலே படலமாகவும் நின்றுவிடும். மரக்கடைக்காரர்கள் 'ஸ்பிரிட் பாலிஷ்', 'பிரெஞ்ச் பாலிஷ்' என்று சொல்வதும் அரக்கைச் சாராய ஸ்பிரிட்டில் கரைத்துப் பஞ்சு உருண்டையால் தேய்க்கும் வேலைதான்.

ஆனால் இன்று கடையில் 'லாக்கர்' என்று எழுதிய டின்னுக்குள் பெரும்பாலும் அரக்கு கிடையாது. பெயர் மட்டும் தங்கிவிட்டது. உள்ளே இருப்பது நைட்ரோ செல்லுலோஸ். பஞ்சு போன்ற செல்லுலோஸை நைட்ரிக் அமிலத்தோடு சேர்த்து வினைபுரியவைத்துச் செய்வது. 1846-ல் ஷோன்பைன் என்ற வேதியியலாளர் இதை வெடிமருந்தாகத்தான் உலகுக்குச் சொன்னார். 1920-களில் அமெரிக்காவின் டூ பாண்ட் நிறுவனம் இதே பொருளின் வீரியம் குறைந்த வகையை வைத்து 'டுக்கோ' என்ற பெயரில் கார்களுக்கு வண்ணப் பூச்சு கொண்டுவந்தது. அதற்கு முன் ஒரு காருக்கு வண்ணம் பூசிக் காயவைக்க வாரக்கணக்கில் ஆனது. டுக்கோ வந்ததும் அது மணிக்கணக்காகச் சுருங்கியது. நம்ம ஊர் பட்டறைகளில் இன்றும் ஸ்பிரே பெயிண்டிங்கை 'டுக்கோ அடிக்கிறது' என்றுதான் சொல்கிறார்கள்.

உப்பளம் மாதிரிதான் லாக்கரும்

லாக்கர் எப்படிக் காய்கிறது என்று தெரிந்தால் பாதிச் சந்தேகம் தீர்ந்துவிடும். மரக்காணம் உப்பளத்தில் பாத்தியில் உவர்நீரைத் தேக்குகிறார்கள். வெயிலில் தண்ணீர் ஆவியாகிறது. உப்பு மிஞ்சுகிறது. மறுபடி தண்ணீர் ஊற்றினால் அந்த உப்பு மறுபடி கரைந்துவிடும். நைட்ரோ செல்லுலோஸ் லாக்கரும் அப்படியே. டின்னில் இருப்பது தின்னரில் கரைந்த பிசின். அடித்ததும் தின்னர் ஆவியாகிறது, பிசின் படலமாக மிஞ்சுகிறது. வேறு ரசாயன மாற்றம் எதுவும் நடப்பதில்லை. மறுபடி தின்னர் பட்டால் மறுபடி கரையும்.

இதில் ஒரு நல்லதும் ஒரு கெட்டதும் இருக்கிறது. அடுத்த கோட் அடிக்கும்போது முந்தைய கோட்டின் மேல்பகுதி லேசாகக் கரைந்து இரண்டும் ஒன்றாகிவிடும். அதனால் பத்து வருஷம் கழித்துக் கீறல் விழுந்தாலும் அந்த இடத்தை மட்டும் சுத்தம் செய்து திரும்ப அடிக்கலாம், ஒட்டுப் போட்டது தெரியாது. கெட்டது என்னவென்றால், நெயில் பாலிஷ் ரிமூவர் ஒரு சொட்டு சிந்தினாலும் படலம் இளகிவிடும்.

மெலமைன், பி.யு. என்று சொல்பவை வேறு ரகம். அவற்றில் 'ஹார்டனர்' தனி டின்னில் வரும். கலந்த பிறகு ரசாயன வினை நடந்து இறுகும். சோறு வெந்தால் மறுபடி அரிசியாகாதே, அந்த மாதிரி. இவை கெட்டி, தண்ணீரைத் தாங்கும். ஆனால் பழுது பார்ப்பது கஷ்டம். பேச்சுவழக்கில் இவற்றையும் சேர்த்து 'லாக்கர் பாலிஷ்' என்று சொல்லிவிடுகிறார்கள். கூலி பேசும்போது எது என்று கேட்டுவிடுவது நல்லது, விலையில் பெரிய வித்தியாசம் உண்டு.

சரி, வித்தியாசத்தை ஒரே வரியில் சொல்லுங்க என்றால்: சீலர் மரத்துக்காக, லாக்கர் மரத்தைத் தொடும் உலகத்துக்காக. சீலர் உறிஞ்சுவதைத் தடுக்கிறது. லாக்கர் கீறல், கை அழுக்கு, தண்ணீர் எல்லாவற்றையும் மேலே வாங்கிக்கொள்கிறது.

சீலர் இல்லாமல் நேரடியாக லாக்கர் அடித்தால்? அடிக்கலாம். ஆனால் முதல் இரண்டு கோட்டை மரமே குடித்துவிடும். சீலரைவிட விலை அதிகமான பொருள் துளை அடைக்கப் போய்விடும். மேற்பரப்பு திட்டுத்திட்டாக நிற்கும். அதே நேரத்தில் பித்தளைக் குத்துவிளக்கு, கதவுக் கைப்பிடி போன்றவற்றுக்குச் சீலர் தேவையே இல்லை, உலோகத்தில் அடைக்கத் துளை எங்கே இருக்கிறது? நேரடியாக லாக்கர்தான். ஷோரூமில் வாங்கிய பித்தளைப் பொருளைப் புளி போட்டுத் தேய்த்ததும் திட்டுத்திட்டாகக் கறுத்துப் போகிறது என்று புகார் சொல்வார்கள். தேய்த்தது அந்த லாக்கர் படலத்தை.

வெள்ளை பூப்பது ஏன்?

இதுதான் கடற்கரைக்காரர்களின் பிரச்சினை. தின்னர் வேகமாக ஆவியாகும்போது பூசிய இடத்தின் சூட்டையும் எடுத்துக்கொண்டு போகிறது. கையில் சானிடைசர் போட்டால் சில்லென்று இருக்கிறதே, அதே விஷயம். மேற்பரப்பு குளிர்ந்ததும், காற்றில் ஈரம் அதிகமாக இருந்தால் அங்கே பனி படியும். அந்தத் தண்ணீர் இன்னும் காயாத லாக்கருக்குள் மாட்டிக்கொள்ளும். பிசின் சரியாகப் படலமாகாமல் திரிந்துபோகும். அதுதான் பால் போன்ற வெள்ளை.

மழை நாளில் அடித்தால் மட்டும் வருவது என்று நினைக்க வேண்டாம். வானூர் கடற்கரைப் பக்கம் விடியற்காலையிலும் பொழுது சாய்ந்த பிறகும் ஈரப்பதம் எகிறும். காலை ஏழு மணிக்கே ஆரம்பித்து வேலையை முடித்துவிடலாம் என்று அவசரப்பட்டால் வெயில் மாதத்திலும் வெள்ளை பூக்கும். காலை பத்து மணிக்கு மேல் தொடங்கி, மாலை நான்குக்குள் கடைசி கோட்டை முடிப்பது பாதுகாப்பு. உச்சி வெயிலில் வெட்டவெளியில் வைத்து அடிப்பதும் தப்பு, மரத்தைத் தொடும் முன்பே காய்ந்து சொரசொரப்பாக விழும், குமிழ் எழும். நிழல் வேண்டும், காற்றோட்டம் வேண்டும்.

உப்பள வேலை பருவமழை தொடங்கியதும் நின்றுபோகும், வெயில் மாதங்களில்தான் சூடுபிடிக்கும். பாலிஷ் வேலைக்கும் அதே காலண்டரைப் பின்பற்றினால் பெரிய தப்பு வராது. கிரகப்பிரவேசத்துக்கு ஐப்பசி, கார்த்திகையில் தேதி குறித்துவிட்டு "எப்படியாவது முடிச்சுக் கொடுங்க" என்று நெருக்கும்போதுதான் ஈர மரத்தின் மேல் ஈரக் காற்றில் பூச்சு ஏறுகிறது. அப்படித்தான் ஆக வேண்டுமென்றால் 'ரிடார்டர்' என்ற மெதுவாக ஆவியாகும் திரவத்தை தின்னரோடு கொஞ்சம் கலக்கச் சொல்லுங்கள். ஆவியாவது தாமதமானால் குளிர்ச்சியும் குறையும். லேசாக வெள்ளை பூத்துவிட்ட இடத்திலும் நல்ல வெயில் நாளில் இதைத் தூறலாக அடித்தால் பல நேரங்களில் தெளிந்துவிடும். ஆழமாகப் போயிருந்தால் சுரண்டி எடுப்பதுதான் வழி.

இதற்கு நேர்மாறான ஒரு லாக்கரும் உலகத்தில் உண்டு. சீனாவிலும் ஜப்பானிலும் ஒரு மரத்தின் பாலை எடுத்துப் பூசுகிறார்கள். அது இறுகுவதற்கு ஈரக் காற்றுதான் வேண்டும், வறண்ட இடத்தில் காயவே காயாது. ஈரப் பெட்டிக்குள் வைத்துக் காயவைப்பார்கள். 17, 18-ஆம் நூற்றாண்டுகளில் சீனாவில் இப்படிச் செய்த பெரிய மடக்குத் திரைகள் கப்பலேறி, சோழமண்டலக் கடற்கரைத் துறைமுகங்கள் வழியாக ஐரோப்பா போயின. செய்தது சீனா என்றாலும் ஐரோப்பியர்கள் அவற்றுக்கு வைத்த பெயர் 'கோரமண்டல் திரை'. இன்றும் அருங்காட்சியகங்களில் அந்தப் பெயர்தான். இந்தக் கரையின் பெயரோடு உலகம் சுற்றும் லாக்கர், இந்தக் கரையில் செய்யப்பட்டதில்லை.

உப்புக் காற்று கூடுதலாக என்ன செய்யும்?

கடல் காற்றில் வரும் உப்புத் துகள் கதவில், ஜன்னலில் கண்ணுக்குத் தெரியாமல் படியும். சாப்பாட்டு உப்பு சுமார் 75 சதவீத ஈரப்பதத்தைத் தாண்டினால் காற்றிலிருந்தே தண்ணீரை இழுத்துக் கரைய ஆரம்பித்துவிடும். மழைக்காலத்தில் உப்பு ஜாடி கசிவது இதனால்தான். கடல் உப்பில் மக்னீசியம் கலந்திருப்பதால் அது இன்னும் குறைந்த ஈரப்பதத்திலேயே கசியும். அந்த உப்பின் மேல் சீலர் அடித்தால், பூச்சுக்கு அடியிலேயே தண்ணீர் இழுக்கும் ஒரு பொருளைப் பூட்டி வைத்த மாதிரி ஆகிவிடும்.

அதனால் பழைய கதவுக்குத் திரும்ப பாலிஷ் போடும்போது முதலில் நல்ல தண்ணீரில் நனைத்துப் பிழிந்த துணியால் இரண்டு முறை துடைத்து, முழுதாகக் காயவிட வேண்டும். பலர் உப்புத்தாள் மட்டும் போட்டுவிட்டு ஆரம்பித்துவிடுகிறார்கள். கீல், திருகு எல்லாம் சாதா இரும்பாக இருந்தால் துரு கசிந்து பாலிஷில் கறுப்புக் கறை பிடிக்கும். துருப்பிடிக்காத எஃகு அல்லது பித்தளை போடுவது இந்தப் பக்கத்துக்கு ஆடம்பரம் இல்லை.

கதவுக்கு ஆறு பக்கம்

இந்தக் கட்டுரையில் ஒரே ஒரு விஷயம்தான் நினைவில் நிற்கும் என்றால் இது நிற்கட்டும். கதவுக்கு முன், பின் மட்டும் பக்கம் இல்லை. இரண்டு ஓரம், மேல் விளிம்பு, கீழ் விளிம்பு எல்லாம் சேர்த்து ஆறு பக்கம். பாலிஷ் போடும்போது கதவைக் கழற்றாமல் மாட்டியபடியே அடித்தால் கீழ் விளிம்பு பச்சை மரமாகவே நின்றுவிடும். யாரும் பார்க்கப் போவதில்லை. ஆனால் நிற்கும் கட்டைகளின் அறுத்த முனைகள், அதாவது நுண்குழாய்களின் திறந்த வாய்கள், மேலும் கீழும்தான் இருக்கின்றன. பலகையின் முகத்தைவிட அந்த முனை பல மடங்கு வேகமாகத் தண்ணீர் குடிக்கும். வாசல் கழுவும் தண்ணீர், திண்ணையில் தெறிக்கும் மழை எல்லாம் போகும் வழி அது.

முகத்தில் மூன்று கோட் லாக்கர் போட்டு, அடியில் ஒரு கோட் சீலர்கூட இல்லாத கதவு மழைக்கு உப்பத்தான் செய்யும். உள்ளே ஈரம் ஏறி, மேலே வழி இல்லாமல் படலத்தைத் தூக்கிவிடும். அப்போது 'லாக்கர் சரியில்லை' என்று கம்பெனியைத் திட்டுவோம். கதவைக் கழற்றி, கீழ் முனைக்கு மூன்று நான்கு கோட் சீலர் கொடுத்து, மேலே லாக்கரோ பி.யு.வோ அடித்துவிட்டு மாட்டுவதற்கு அரைநாள் கூடுதல் வேலை. பூட்டுக்கும் தாழ்ப்பாளுக்கும் தோண்டிய குழிகளுக்குள்ளும் பிரஷ்ஷால் ஒரு கோட் தொட்டுவிடச் சொல்லுங்கள்.

இதையெல்லாம் செய்தாலும் ஈரத்தை முழுதாகத் தடுக்கும் பூச்சு எதுவும் கிடையாது. வேகத்தைக் குறைக்கத்தான் முடியும். தச்சர் நிலைக்கும் கதவுக்கும் நடுவே கொஞ்சம் இடைவெளி விடுவது சோம்பேறித்தனம் இல்லை, கணக்கு.

2024 நவம்பர் 30 அன்று ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரையைக் கடந்தபோது புதுச்சேரியில் 24 மணி நேரத்தில் சுமார் 48 செ.மீ. மழை கொட்டியது. அப்படி வெள்ளத்தில் ஊறிய கதவு வெளியே காய்ந்து தெரிந்தாலும் உள்ளே காய வாரக்கணக்கில் ஆகும். உடனே இழைத்துச் சரிசெய்தால், கோடையில் சுருங்கி இடைவெளி தெரியும். உடனே பூசினால் ஈரம் உள்ளே மாட்டும். பொறுத்திருப்பதுதான் ஒரே வழி. ஈரம் அளக்கும் கையடக்க மீட்டர் இருக்கும் தச்சர் கிடைத்தால் அதிர்ஷ்டம். இந்தக் கடற்கரையில் காற்றோடு சமநிலைக்கு வந்த மரத்திலேயே 14 முதல் 16 சதவீதம் வரை ஈரம் காட்டக்கூடும். அதைவிட அதிகமாகக் காட்டினால் காத்திருங்கள்.

தலைவாசலுக்கு எது?

நேரடி வெயிலும் சாரலும் படும் கதவுக்கு நைட்ரோ செல்லுலோஸ் லாக்கர் வேண்டாம். வெயிலில் மஞ்சளாகும், வருஷம் போகப் போக விறைத்து நுண்விரிசல் விடும். வெளிப்பக்கத்துக்கென்றே புற ஊதாக் கதிரைத் தாங்கும் பி.யு. வகைகள் இருக்கின்றன, டின்னில் 'எக்ஸ்டீரியர்' என்று போட்டிருக்கும். உள் அறைக் கதவு, அலமாரி, பீரோ, கட்டில் போன்றவற்றுக்கு லாக்கர் அழகாக இருக்கும். சாப்பாட்டு மேசைக்கு மெலமைன் அல்லது பி.யு. நல்லது, சூடான பாத்திரம் வைத்தால் லாக்கர் தழும்பு ஏறும்.

இன்னொரு பொதுவான தவறு, கையில் மிச்சமிருந்த ஏதோ ஒரு சீலரை அடித்துவிட்டு மேலே வேறு குடும்பத்துப் பூச்சைப் பூசுவது. சாதாரண நைட்ரோ செல்லுலோஸ் சீலரின் மேல் பி.யு. அடித்தால், பி.யு.வில் இருக்கும் கரைப்பான் அடியில் இருப்பதை இளக்கி, தோல் மாதிரி சுருக்கம் எழுப்பலாம். பி.யு.வுக்கு பி.யு. சீலர், மெலமைனுக்கு மெலமைன் சீலர். ஒரே கம்பெனி, ஒரே வரிசை என்றால் இன்னும் நல்லது. சீலரைக் கனமாக ஏற்றுவதும் தப்பு. துளையில் இருக்க வேண்டியது மேலே தடித்து நின்றால், மென்மையான அடிமெத்தை மேல் கெட்டிப் படலம் உட்கார்ந்த மாதிரி ஆகி, லாக்கர் வெடிக்கும். அதனால்தான் ஒவ்வொரு கோட்டுக்கும் பிறகு 320 நம்பர் உப்புத்தாள் போட்டு, நார் ஓடும் திசையிலேயே தேய்க்கிறார்கள்.

சுவருக்கும் தரைக்கும் அடிக்கும் 'சீலர்' இதுதானா?

இல்லை. பெயர் மட்டும்தான் ஒன்று. கடப்பாக் கல், சிமென்ட் தரை, பூசாத செம்மண் கல் சுவர் போன்றவற்றுக்கு விற்கும் நல்ல சீலர்கள் சிலேன், சிலாக்சேன் வகை. உள்ளே ஊறி, துளைச் சுவரில் தண்ணீர் ஒட்டாமல் செய்யும். துளையை அடைக்காது, படலமும் கட்டாது. ஆரோவில் சுற்றுவட்டாரத்தில் நிறையத் தெரியும் பூசாத செங்கல், மண்கல் சுவர்களுக்கு ஏற்றது இந்த வகைதான், சுவர் மூச்சு விட முடியும்.

பளபளப்பு வேண்டும் என்று அந்தச் சுவரில் லாக்கர் மாதிரிப் படலம் கட்டும் பூச்சை அடித்தால் இந்தப் பக்கத்து மண்ணில் சிக்கல் நிச்சயம். தரையிலிருந்து ஓதம் ஏறும். அதோடு உப்பும் கரைந்து ஏறும். தண்ணீர் வெளியே போக முடியாமல் படலத்துக்கு அடியில் நின்று, உப்பு படிகமாகும்போது பூச்சைச் செதில் செதிலாக உரிக்கும். சுவரில் ஏற்கெனவே உப்பு பூத்திருந்தால் எந்த சீலரும் மருந்து இல்லை, ஓதம் ஏறும் வழியை முதலில் கண்டுபிடித்து அடைக்க வேண்டும்.

அடிக்கிறவரின் நுரையீரலும் வீட்டின் அடுப்பும்

நைட்ரோ செல்லுலோஸ் வெடிமருந்துக் குடும்பம் என்று மேலே பார்த்தோம். லாக்கர், சீலர், தின்னர் மூன்றுமே பற்றிக்கொண்டால் நிற்காது. தின்னர் ஆவி காற்றைவிடக் கனமானது, தரையோடு ஊர்ந்து போய் அடுத்த அறை அடுப்பை, பூஜை விளக்கை எட்டிவிடும். ஸ்பிரே அடிக்கும்போது ஓரங்களில் படியும் காய்ந்த தூளும் எளிதில் எரியக்கூடியது. வேலை நடக்கும் நாளில் வீட்டில் சமைக்காமல் இருப்பது நல்லது. நனைந்த துணிகளை மூலையில் குவித்து வைக்காமல், தண்ணீர் வாளியில் போட்டு வெளியே வைக்க வேண்டும்.

துண்டை மூக்கில் கட்டிக்கொண்டு ஸ்பிரே அடிப்பது எங்கும் பார்க்கிற காட்சி. துண்டு தூசியைத் தடுக்கும், ஆவியைத் தடுக்காது. தின்னரில் டொலுயீன் போன்ற கரைப்பான்கள் இருக்கும். தலைசுற்றல், தலைவலி வரும். நாள்பட்டால் நரம்பு மண்டலத்தைப் பாதிக்கும். பி.யு. ஹார்டனரில் இருக்கும் ஐசோசயனேட் இன்னும் மோசம், ஒருமுறை ஒவ்வாமை வந்துவிட்டால் பிறகு கொஞ்சம் வாசம் பட்டாலே ஆஸ்துமா இழுக்கும். கரி வடிகட்டி உள்ள கார்ட்ரிட்ஜ் முகமூடிதான் தேவை. ஆயிரக்கணக்கில் பாலிஷுக்குச் செலவழிக்கிற வீட்டுக்காரர் அதற்கான பணத்தையும் சேர்த்துக் கொடுத்துவிடலாம், கூலி பேரம் பேசும் இடம் இது அல்ல.

காசு கொடுக்கும் முன் என்ன பார்ப்பது?

கூலி பேசும்போதே எத்தனை கோட் சீலர், எத்தனை கோட் டாப் கோட், எந்த வகை, ஆறு பக்கமும் உண்டா என்று ஒரு துண்டுச் சீட்டில் எழுதிக்கொள்ளுங்கள். டின்களை நீங்களே வாங்கிக் கொடுங்கள், முடியாவிட்டால் காலி டின்களைக் காட்டச் சொல்லுங்கள். சீலர் டின் காலியாகி லாக்கர் டின் திறக்கப்படாமலே இருந்தால் விஷயம் புரிந்துவிடும்.

மேலே இருப்பது லாக்கரா, பி.யு.வா என்று சந்தேகம் வந்தால் கதவின் மேல் விளிம்பு போன்ற மறைவான இடத்தில் தின்னர் நனைத்த பஞ்சை அரை நிமிஷம் வையுங்கள். பிசுபிசுவென்று ஒட்டினால் நைட்ரோ செல்லுலோஸ். எதுவும் ஆகவில்லை என்றால் ஹார்டனர் கலந்த வகை. துளை அடைந்திருக்கிறதா என்று பார்க்க கீழ் முனையில் ஒரு சொட்டுத் தண்ணீர் போதும். முத்து மாதிரி நின்றால் சரி, இரண்டு நிமிஷத்தில் கறுத்து உள்ளே போனால் அந்த இடத்துக்குப் பூச்சு போகவில்லை.

லாக்கர் தொட்டுப் பார்க்க அரைமணியில் காய்ந்துவிடும். ஆனால் முழுதாக இறுக சில நாள் ஆகும். பி.யு.வுக்கு ஒரு வாரம் வைத்துக்கொள்ளுங்கள். அதுவரை ஈரத்துணி, சந்தனப் பொட்டு, மாவிலைத் தோரணத்துக்கு ஒட்டும் டேப் எதுவும் வேண்டாம். டேப்பை உரிக்கும்போது பாலிஷும் சேர்ந்து வந்துவிடும்.